வீட்டுக்கு அனுப்பும் முன் குழந்தை பால் குடிப்பதைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கைக்குழந்தைகளின் குரல்வளைக்கு அறுவை சிகிச்சை செய்யும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

விழுங்குவதில் சிரமப்படும் குழந்தைகளோடு வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட் நான். குரல்வளைத் திசு தளர்ந்து மூச்சை அடைக்கும் லாரிங்கோமலேசியாவுக்கு நீங்கள் அறுவை செய்து மூச்சை மீட்டுக் கொடுத்த குழந்தைகளில் சிலர், கொஞ்ச நாள் கழித்து என்னிடம் வருகிறார்கள். மூச்சில் பழைய சத்தம் இருக்காது. ஆனால் குடிக்கிற பாலில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைகளுக்காகத்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றுதான். அறுவைக்கு முன்னால் ஒருமுறை, டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்னால் ஒருமுறை, குழந்தை பால் குடிப்பதை விழுங்குதல் பற்றித் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும். நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இதை வார்டின் வழக்கமாகவே ஆக்குங்கள்.

பெற்றோர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில், குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது கர்ர் என்று ஒரு சத்தம் தொடங்கும். மல்லாக்கப் படுக்க வைத்தால் கூடும், அழுதால் கூடும், பால் குடித்தால் கூடும். வீட்டில் சளி கட்டியிருக்கிறது என்பார்கள். உண்மையில், குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் திசு தொளதொளவென்று இருப்பதால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது உள்ளே சரிந்து வழியை மறைக்கிறது. இதற்கு லாரிங்கோமலேசியா என்ற பெயர் 1942இல் வந்தது. கைக்குழந்தைகளுக்கு இப்படிச் சத்தம் வருவதற்கு இதுதான் முதல் காரணம். ஆறு, எட்டு மாதம் வரை கூடிவிட்டு, ஒன்றரை இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே அடங்கிவிடும். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் நெஞ்சு குழிந்து இழுக்கும், எடை ஏறாது, தூக்கத்தில் மூச்சு நிற்கும், உடம்பு நீலம் பாரிக்கும். 1980களுக்கு முன்பு இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதைத் தவிரப் பெரிதாக வழியில்லை. அதன்பிறகு பரவிய சூப்ராகுளோட்டோபிளாஸ்டி, அதாவது அந்தத் தளர்ந்த திசுவை வெட்டிச் சரிசெய்யும் அறுவை, எத்தனையோ குழந்தைகளை அந்தக் குழாயிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அறுவைக்குப் பின் மூச்சு சீரானதால் பால் குடிப்பதும் சீராகி, கொழுகொழுவென்று வளர்ந்த குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எனவே அறுவை வேண்டாம் என்று இதைப் படிக்கும் எந்தப் பெற்றோரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கவலை மிச்சம் இருக்கும் குழந்தைகளைப் பற்றியது. அவர்களில் ஒருவனை எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

நான்கு மாதக் குழந்தை. அறுவை முடிந்து வீடு திரும்பி, மூன்றாவது வாரத்தில் காய்ச்சலோடு மறுபடி வார்டுக்கு வந்திருந்தான். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பசியோடு ஐந்தாறு முறை வேகமாக உறிஞ்சினான். அப்புறம் சட்டென்று நிறுத்தினான். கண்கள் அகலமாக விரிந்தன, புருவத்துக்கு மேலே சிவந்தது, கைவிரல்கள் விறைத்து விரிந்தன. இருமல் வரவில்லை. அடுத்து விட்ட மூச்சில் தொண்டைக்குள் தண்ணீர் தளும்புவது போல ஈரமான ஒரு சத்தம் கேட்டது. இரண்டு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மார்பைத் தேடினான். மறுபடியும் அதேதான். பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பிள்ளை நன்றாகத்தான் குடிக்கிறான் என்று தோன்றும். முதல்முறை வீட்டுக்கு அனுப்பிய காகிதத்திலும் பால் நன்றாகக் குடிக்கிறான் என்றுதான் எழுதியிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. வயிறு நிறையக் குடித்தானா, வாந்தி எடுத்தானா என்று கேட்டு, கிடைத்த பதிலை எழுதியிருக்கிறார். பால் எந்த வழியாகப் போனது என்பதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கைக்குழந்தை பால் குடிப்பது நாம் நினைப்பதைவிடச் சிக்கலான வேலை. ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். விழுங்கும் அந்த நொடியில் மூச்சு நின்றே ஆக வேண்டும். தாயின் வயிற்றில் முப்பத்து நான்கு வாரம் ஆகும்போதுதான் இந்த ஒருங்கிணைப்பே ஓரளவு வந்து சேர்கிறது. மூச்சுக்குத் திணறும் குழந்தை, விழுங்குவதற்காக மூச்சை நிறுத்த முடியாமல் தவறான நேரத்தில் இழுத்துவிடுகிறது. அறுவைக்கு முன்பே இந்தக் குழந்தைகளில் பலருக்கு விழுங்குதல் சரியாக இல்லாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் டானா தாம்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், லாரிங்கோமலேசியா கடுமையாக உள்ள குழந்தைகளின் குரல்வளையில் தொடுஉணர்வே மந்தமாக இருப்பதைக் காட்டினார். மற்ற குழந்தைகளுக்கு லேசாகக் காற்றை ஊதினாலே குரல்வளை சட்டென்று மூடிக்கொள்ளும். இவர்களுக்கு இன்னும் பலமாக ஊத வேண்டியிருந்தது. அப்படியென்றால் நாம் அறுவை மேசைக்குக் கொண்டுபோகும் குழந்தைகள்தான், பால் உள்ளே வழிந்தால் உணர்வதற்கு ஏற்கெனவே சிரமப்படும் குழந்தைகள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமாகப் படும் செய்தி இதுதான். பிரச்சினை திசுவின் தளர்ச்சி மட்டும் என்றால் வெட்டிச் சரிசெய்ததும் முடிந்திருக்கும். நரம்பும் சேர்ந்த பிரச்சினை என்றால், கத்தியால் ஒரு பாதிதான் சரியாகும்.

இந்த நிலையில் அறுவை என்ன செய்கிறது? குரல்வளை மூடியிலிருந்து பின்பக்கம் அரிட்டினாய்டு என்னும் சிறு குருத்தெலும்பு வரை இரு பக்கமும் போகும் மடிப்புகளை வெட்டிவிடுகிறீர்கள், அரிட்டினாய்டின் மேலே அதிகமாகத் தொங்கும் சவ்வைச் சீவி எடுக்கிறீர்கள். அந்த மடிப்புகள் வாய்க்கால் கரை மாதிரி. விழுங்குவதற்கு முன்னால் பால் நடுவில் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடாமல், குரல்வளையின் இரு பக்கமும் சுற்றி உணவுக்குழாய்ப் பக்கம் போக அவையும் உதவுகின்றன. கரையைத் தாழ்த்தினால் மூச்சுக்கு இடம் கிடைக்கும், பால் வழிவதற்கும் இடம் கிடைக்கும். அறுவைக்குப் பின் சில நாள் இருக்கும் வீக்கமும் வலியும் இதோடு சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் சில வாரங்களில் குழந்தை இதற்குப் பழகிக்கொள்கிறது, பால் உள்ளே போவது நின்றுவிடுகிறது. ஆனால் அந்தச் சில வாரங்களில் நுரையீரல் என்ன பாடுபடும் என்பதுதான் கேள்வி. அளவாக வெட்ட வேண்டும், தேவைப்பட்டால் இரண்டாம் முறை போகலாம், அதிகமாக எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே பக்கம் மட்டும் செய்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கும் வழியை இந்த அச்சத்தால்தான் உங்கள் துறையில் சிலர் கொண்டுவந்தார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சத்தமே இல்லாமல் புரையேறுவது. பெரியவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தவறான வழியில் போனால் இருமித் தள்ளிவிடுவோம். கைக்குழந்தைக்கு அந்த இருமல் இன்னும் முதிரவில்லை. இருமுவதற்குப் பதிலாக மூச்சை நிறுத்திக்கொள்ளும், இதயத் துடிப்பு குறையும், அல்லது ஒன்றுமே காட்டாமல் தொடர்ந்து குடிக்கும். அதனால் வார்டில் ரவுண்ட்ஸ் வரும்போது அம்மாவிடம் இருமுகிறானா என்று கேட்டு, இல்லை என்றதும் நகர்ந்துவிடுவது போதாது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அது உங்கள் தவறும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்த குடும்பம், ஊருக்குப் போய்விட்டால் பக்கத்து டவுனில் இருக்கும் மருத்துவரிடம்தான் போகும். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பார், சளி என்பார், நெபுலைசரும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார். சரியாகும். மறுபடி வரும். எடை ஏறாமல் அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தை என்றால் பிரைமரி காம்ப்ளக்ஸாக, அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகம் வரும். ஆறு மாதக் காசநோய் மருந்தோடு என்னிடம் வந்த குழந்தையும் உண்டு. வீட்டிலோ, மூக்கில் எண்ணெய் விட்டால் சளி வெளியே வரும் என்று யாராவது சொல்வார்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். ஏற்கெனவே விழுங்கத் தெரியாமல் தவிக்கும் குழந்தையின் நுரையீரலில் எண்ணெயும் சேரும். அந்த எண்ணெய் எளிதில் கரைந்து போகாது, தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும். இவ்வளவுக்கும் நடுவில், பால் கொடுக்கத் தெரியவில்லை என்ற பழி அம்மாவின் தலையில் விழுந்திருக்கும். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள் தலை குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பழியை ஒரு நல்ல பரிசோதனை ஒரே நாளில் துடைத்துவிடும்.

அந்தப் பரிசோதனைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வெளிநோயாளிப் பிரிவில் நோயைக் கண்டுபிடிக்க மூக்கு வழியாக நீங்கள் விடும் அதே வளையும் ஸ்கோப் போதும். அமெரிக்க ஸ்பீச் தெரபிஸ்ட் சூசன் லாங்மோர் குழுவினர் 1988இல் விவரித்த முறை இது. ஸ்கோப் உள்ளே இருக்கும்போதே குழந்தைக்குப் பால் கொடுத்துப் பார்க்க வேண்டும். அம்மா மடியில் வைத்துத் தாய்ப்பால் கொடுக்கும்போதே செய்யலாம். பால் எங்கே தேங்குகிறது, விழுங்கும் முன்பே வழிகிறதா, விழுங்கிய பிறகு மிச்சம் இருக்கிறதா என்று உங்கள் திரையிலேயே தெரியும். விழுங்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் ஸ்கோப்பால் காட்ட முடியாது. அதற்கு, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தைப் பாலில் கலந்து, ஃபுளோரோஸ்கோப்பி என்னும் ஓடும் எக்ஸ்ரேயில் எடுக்கும் வீடியோ வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிரிவில் அந்த இயந்திரம் பெரியவர்களுக்கான பேரியம் பரிசோதனைக்காக ஏற்கெனவே இருக்கிறது. குழந்தையைச் சாய்வாக உட்காரவைக்க ஒரு இருக்கையும், ஸ்பீச் தெரபிஸ்டும் ரேடியாலஜிஸ்டும் ஒன்றாக இருக்கும் அரை மணி நேரமும்தான் தேவை. கதிர்வீச்சு விழுவது அதிலும் சில நிமிடங்கள்தான்.

எல்லாக் குழந்தைக்கும் வீடியோ எடுக்கச் சொல்லவில்லை. எல்லாக் குழந்தையையும் ஒருவர் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒருமுறை பால் குடித்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா, குடிக்கும்போது மூச்சு ஈரமாகக் கேட்கிறதா, முதல் மூன்று மாதத்தில் நாளைக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏற வேண்டியது ஏறுகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். குறைமாதத்தில் பிறந்தவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், நரம்புக் கோளாறோ தசைத் தளர்ச்சியோ உள்ளவர்கள், தாடை உள்வாங்கியவர்கள், இதய அறுவை செய்துகொண்டவர்கள், அறுவைக்கு முன்பே ஒருமுறை நிமோனியா வந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் பரிசோதனை இல்லாமல் கத்தியை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று. குழந்தை மயக்கத்தில் இருக்கும்போது குரல்வளையின் பின்சுவரை ஒரு கருவியால் விலக்கிப் பாருங்கள். அங்கே சிறிய பிளவு இருந்தால் வெறும் பார்வைக்குத் தெரியாது. எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தும் புரையேறுவது நிற்காத குழந்தைகளில் சிலருக்கு, கடைசியில் காரணம் அந்தப் பிளவாக இருக்கிறது.

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் டிஸ்சார்ஜ் காகிதத்தில் மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் துல்லியமாக இருக்கும். பால் எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. இந்தக் குழந்தைக்கு அதுவும் மருந்துதான்.

நம் வீடுகளில் சங்கும் பாலாடையும் இருக்கின்றன. மற்ற குழந்தைகளுக்கு நல்ல பொருட்கள் அவை. பாட்டிலைவிடச் சுத்தம் செய்வது எளிது, குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையில்தான் கொடுக்கிறோம். ஆனால் அதில் பாலின் வேகம் குழந்தையின் கையில் இல்லை, ஊற்றுபவர் கையில் இருக்கிறது. காலை நீட்டி, குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, வாயோரத்தில் சங்கை வைத்து ஊற்றுவதுதான் பாட்டிமார்களின் பழக்கம். அறுவை முடிந்த இந்தக் குழந்தைக்கு அதைவிட மோசமான நிலை வேறில்லை. பக்கவாட்டில், தலை சற்று உயர்ந்திருக்கும்படி படுக்கவைத்து, மெதுவாக வரும் நிப்பிளில், நான்கைந்து உறிஞ்சலுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க விட்டுக் கொடுத்தால் பல குழந்தைகள் தப்பிவிடுகின்றன. தாய்ப்பால் பொங்கி வரும் அம்மாவாக இருந்தால், முதலில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்துவிட்டு மார்பில் போடச் சொல்வேன். பின்னால் சாய்ந்துகொண்டு கொடுக்கச் சொல்வேன். இதை அம்மாவுக்குக் காட்டிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். பாட்டியையும் கூட வைத்துக்கொண்டு காட்ட வேண்டும்.

பாலைக் கெட்டியாக்கிக் கொடுங்கள் என்று மட்டும் போகிற போக்கில் சொல்லிவிடாதீர்கள். எதில், எவ்வளவு, எந்த வயதில் என்று சொல்லாவிட்டால் அது ஆபத்தில் முடியும். தாய்ப்பாலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருப்பதால், அதில் ராகிமாவோ அரிசிமாவோ கலந்தால் சில நிமிடங்களில் மறுபடி தண்ணீராகிவிடும். அம்மா கெட்டியாகத்தான் கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருப்பார். சாந்தன் கம் கலந்த கெட்டியாக்கும் பொருள் ஒன்றைப் பயன்படுத்திய குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வந்ததால், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் எச்சரித்தது. அடுத்த ஆண்டே அந்த எச்சரிக்கையை எல்லா வயதுக் கைக்குழந்தைகளுக்கும் விரித்தது. இணையத்தில் ஆர்டர் போட்டால் இங்கேயும் இப்படிப்பட்ட பொடிகள் வந்துவிடுகின்றன.

சில குழந்தைகளுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் செலுத்தும் ரைல்ஸ் ட்யூப்தான் வழி. வீட்டில் அதைப் பார்த்ததும் பிள்ளை பிழைக்காது என்று அழுவார்கள். இது சில வாரங்களுக்குத்தான், நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் வாயால் கேட்டால் நம்புவார்கள். குழாய் இருக்கும் நாட்களில் வாயை மறந்துவிடவும் கூடாது. சூப்பியையோ அம்மாவின் விரலையோ சப்பக் கொடுத்து, நாக்கில் பாலின் ருசியைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் எடுத்த பிறகும் வாய்ப்பக்கம் எது வந்தாலும் குமட்டும். ஒரு வயதில் இட்லியை மசித்துக் கிட்டே கொண்டுபோனாலே அலறும் குழந்தைகளை மீட்பது, புரையேறுவதை நிறுத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் காது கேட்காத குழந்தைக்குப் பேச்சுச் சொல்லித் தருபவர் என்றுதான் பல மருத்துவமனைகளில் நினைக்கிறார்கள். விழுங்குதலும் எங்கள் படிப்பில் உண்டு என்பது பக்கத்து அறையில் இருக்கும் மருத்துவருக்கே தெரியாமல் இருக்கிறது. இதில் உங்கள் துறை ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்காத குழந்தைகளுக்கு நீங்கள் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் கேட்கும் கருவியை அறுவை செய்து வைக்கிறீர்கள். அறுவையோடு வேலை முடிந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பின்னால் வரும் பயிற்சி இல்லாவிட்டால் கருவி வைத்ததே வீண் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான் பயிற்சி அந்தத் திட்டத்தோடு பிணைந்திருக்கிறது. குரல்வளை அறுவைக்கும் அதே நியாயம்தான். அறுவைக்கான தொகைக்குள்ளேயே முன்னால் ஒரு விழுங்குதல் பரிசோதனை, பின்னால் ஒன்று, பிறகு சில வாரப் பயிற்சி என்று சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கேட்டால் சுகாதாரத் துறை செவி கொடுக்கும். நாங்கள் கேட்டால் கோப்பு நகராது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தேசிய குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் வந்ததிலிருந்து மாவட்டங்களில் டிஇஐசி என்னும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடமும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் அந்தக் குடும்பத்தின் மாவட்ட மையத்தின் பெயரை எழுதுங்கள். உள்ளூர் மருத்துவருக்காக ஒரு வரி சேருங்கள்: இந்தக் குழந்தைக்குக் குரல்வளை அறுவை நடந்திருக்கிறது, நெஞ்சுச் சளி திரும்ப வந்தால் முதலில் விழுங்குதலைப் பரிசோதிக்கவும். கையெழுத்து வாங்கும்போது, சில குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் கொஞ்ச நாள் புரையேறலாம், இருமலே இல்லாமலும் ஏறலாம் என்று தமிழில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வார்டில் விழுங்குதல் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லையென்றால், அருகில் இந்தப் படிப்பு நடக்கும் கல்லூரி எது என்று விசாரித்து, அறுவை நாளுக்கு முந்தைய தினமே அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆசிரியரோ, பயிற்சியில் இருக்கும் மாணவரோடு மூத்தவர் ஒருவரோ வந்து பார்ப்பார்கள். காலை முதல் பால் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே வரச் சொல்லுங்கள். குழந்தை பசியோடு இருந்தால்தான் எல்லாம் தெரியும்.

இப்படிக்கு,
குழந்தைகளின் விழுங்குதல் சிகிச்சையில் பணியாற்றும் ஒரு பேச்சுப் பயிற்சியாளர்